செல்ஃப் அடிக்கிறது, வண்டி எடுக்கவில்லை: யாரிடம் போவது?

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். இந்த முறை ஒரே வாரத்தில் இரண்டு பேர். ஒருவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம்: பதினைந்து வருடப் பழைய பிக்கப், சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை, களத்தில் நெல் கிடக்கிறது. இன்னொருவர் வேதாரண்யத்துக்காரர், மீன் ஏற்றுகிறவர். அவருடையது 2014 மாடல், காமன் ரயில் வண்டி, அதாவது டீசலைக் கம்ப்யூட்டர் அளந்துவிடும் வகை. அதற்கும் அதே நோய்.

கோளாறு என்ன என்று இருவருமே கேட்கவில்லை. ஊர் மெக்கானிக்கைக் கூப்பிடுவதா, டீசல் பம்ப் பட்டறைக்குப் போவதா, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கட்டி இழுத்துவிடுவதா, இல்லை நாமே கை வைத்துப் பார்ப்பதா என்றுதான் கேட்டார்கள். நான் மெக்கானிக் இல்லை. நீடாமங்கலத்தில் பதினெட்டு வருடமாக நெல்லும் வைக்கோலும் ஏற்றி வாடகைக்கு ஓட்டுகிறவன். இந்த நான்கு வாசலிலும் காசோடு நின்ற அனுபவம் உண்டு. நான்கில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் போனை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் வண்டியைக் கவனித்தால், எந்த வாசல் என்று வண்டியே சொல்லிவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் பம்ப் எந்த வகை என்று தெரிய வேண்டும். மாடல் வருடத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. 2005இல் வந்த டாட்டா ஏஸ், நம் ஊர்க் குட்டி யானை, 702 சி.சி. இரட்டை சிலிண்டரோடு மெக்கானிக்கல் பம்பில் ஓடியது. 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் காமன் ரயிலோடு வந்தது. பானெட்டைத் திறந்து இன்ஜெக்டர்களின் தலையைப் பாருங்கள். இரும்புக் குழாய் மட்டும் வந்து சேர்ந்தால் மெக்கானிக்கல். ஒவ்வொன்றின் தலையிலும் ஒயர் செருகியிருந்தால் காமன் ரயில். மெக்கானிக்கல் வண்டி எடுக்க மின்சாரம் தேவைப்படுவது செல்ஃப் மோட்டாருக்கும், பம்பில் டீசலைத் திறந்துவிடும் சோலனாய்டுக்கும், சில வண்டிகளில் சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குக்கும்தான். காமன் ரயிலில் கம்ப்யூட்டர் அனுமதித்தால்தான் ஒரு சொட்டு டீசலும் உள்ளே போகும்.

இரண்டாவது, புகை. ஒருவரைச் சாவி போடச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் போய் நில்லுங்கள். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்று அழுந்திச் சூடாகி, அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்ள வேண்டும். டீசல் உள்ளே போயும் பற்றவில்லை என்றால் வெள்ளைப் புகையாக வெளியே வரும், வாடை மூக்கில் ஏறும். புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டர் வரை வரவேயில்லை. இந்த ஒரு வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இருந்த காலத்தில் நான் செலவழித்த பணத்தில் ஒரு பசு வாங்கியிருக்கலாம்.

மூன்றாவது, வண்டி எதை ஏற்றக் காத்திருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் என்பது பொதுவான வரம்பு. களத்தில் பனியில் இன்னொரு இரவு கிடந்தால் அந்த எண் ஏறும், வரிசையில் பிடித்த இடமும் போகும். மீனுக்கு ஐஸ் உருகும் வரைதான் நேரம். வைக்கோல் என்றால் இரண்டு நாள் பொறுக்கலாம். பழுதுக்கான பில்லைவிட இந்தக் காத்திருப்பின் விலை பல நேரம் பெரியது. ஆனால் யாரும் அதைக் கணக்கில் எழுதுவதில்லை.

நான்காவது, வண்டி நிற்கும் இடம். வீட்டு வாசலில் நின்றால் நிதானமாகப் பார்க்கலாம். வாய்க்கால் கரையில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் கதை வேறு. டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் அந்தச் சாய்வே கூடக் காரணமாக இருக்கலாம்.

| செல்ஃப் அடிக்கும்போது | பெரும்பாலும் பொருள் | முதல் வாசல் |
|---|---|---|
| புகை இல்லை, மெக்கானிக்கல் பம்ப் | டீசல் போய்ச் சேரவில்லை | நாமே, பிறகு ஊர் மெக்கானிக் |
| வெள்ளைப் புகை, டீசல் வாடை | போகிறது, பற்றவில்லை | ஊர் மெக்கானிக், தேவைப்பட்டால் பம்ப் பட்டறை |
| புகை இல்லை, காமன் ரயில் | பிரஷர் ஏறவில்லை, அல்லது சென்சார், ஒயர் | ஸ்கேனர் (வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) வைத்திருப்பவர் |
| முனகி முனகிச் சுற்றுகிறது | பேட்டரி, எர்த், செல்ஃப் மோட்டார் | பேட்டரிக் கடை |

கடைசி வரிசையைப் பலர் தவறவிடுகிறார்கள். டீசல் பற்ற வேண்டுமானால் இன்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் வோல்ட் 9.6க்குக் கீழே விழுந்தால், பம்பில் கை வைப்பதற்கு முன் பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்கள். இன்னொன்று: செல்ஃப் வேகமாகச் சுற்றும் வண்டியை நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுவது வீண். செல்ஃப் செய்கிற வேலையைத்தான் அந்த நான்கு பேரும் செய்கிறார்கள்.

## நாமே பார்ப்பது

மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு இதுதான் முதல் வாசல் என்பேன். காரணம் சிக்கனம் மட்டும் இல்லை. நீங்கள் பார்த்துவைத்த விவரம்தான் அடுத்து வருகிறவரின் வேலையைப் பாதியாக்கும்.

சாவியை ஒரு கட்டம் திருப்பி, பம்பில் இருக்கும் சோலனாய்டின் மேல் விரலை வையுங்கள். ‘டக்’ என்று தட்ட வேண்டும். தட்டவில்லை என்றால் ஃபியூஸ், அல்லது அங்கே போகும் ஒற்றை ஒயர். இன்னும் பழைய வண்டிகளில் சோலனாய்டுக்குப் பதில் இழுத்து நிறுத்தும் ஸ்டாப் கேபிள் இருக்கும். துருப்பிடித்து அது இழுத்த நிலையிலேயே நின்றுவிட்டால் செல்ஃப் நாள் முழுக்க அடித்தாலும் இன்ஜின் பிடிக்காது. டீசல் முள்ளை நம்ப வேண்டாம். என் வண்டியில் முள் கால் டேங்க் காட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை நடுவழியில் வறண்டு நின்றிருக்கிறது. ஐந்து லிட்டர் ஊற்றிவிட்டு மற்றதை யோசியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு என்றால் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகக் கோடு கட்டி நிற்கும்.

இவ்வளவும் சரி என்றால் மிச்சம் இருப்பது ஏர், அதாவது டீசல் லைனுக்குள் புகுந்த காற்று. நான் கற்றுக்கொண்டது இதில்தான்.

மூன்று வருடத்துக்கு முன், மாசி மாதத்து விடியற்காலை. முதல் நாள் மாலை மன்னார்குடியிலிருந்து ஒழுங்காக வந்து நின்ற வண்டி, காலையில் எடுக்கவில்லை. சைலன்சரில் புகை இல்லை. ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டுக் கைபம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன். முதலில் வெறும் காற்று. பிறகு திருகைச் சுற்றி, கறந்த பாலின் மேல் நிற்பது போல வெளுத்த நுரை. நாற்பது அழுத்தலுக்குப் பிறகு நுரை குறைந்து பெரிய பெரிய குமிழ் வந்தது, அப்புறம் தெளிந்த டீசல் மட்டும் வழிந்தது. திருகை இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை திரும்பவும் அதே கதை. அப்படியென்றால் இரவில் எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது, லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. கீழே படுத்துப் பார்த்தேன். எங்கும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. என்னை இரண்டு நாள் ஏமாற்றியது அதுதான். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராமல், காற்று உள்ளே போகலாம். கடைசியில் டேங்க் பக்கத்து ரப்பர் குழாயை விரலால் வளைத்தபோது தெரிந்தது, கிளிப்புக்கு அரை அங்குலம் தள்ளி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல். எலிப் பல். வயலில் அறுப்பு முடிந்தால் எலிகள் இடம் தேடுகின்றன, அவற்றுக்கு வண்டியின் அடிப்புறம் சத்திரம். வயலுக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப் பொறியை மூங்கிலில் வளைத்து வைக்கத் தெரிந்த நமக்கு, வண்டிக்கு என்ன வைப்பதென்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு அடி ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும் மாட்டினேன். வேலை தீர்ந்தது.

இப்படித் தேடிப் படுத்துக் கிடக்காமல் முடிவு காண ஒரு வழி இருக்கிறது. சுத்தமான டீசலை இரண்டு லிட்டர் கேனில் ஊற்றி, பம்பைவிட உயரமாக, ஆஸ்பத்திரியில் சலைன் பாட்டில் தொங்குவது போலக் கட்டுங்கள். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து வரும் குழாயை அந்த இடத்தில் செருகி, ஏர் எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். பிடித்துக்கொண்டால் கோளாறு கேனுக்குப் பின்னால், அதாவது டேங்கிலோ லைனிலோ. பிடிக்கவில்லை என்றால் அதற்கு முன்னால், அதாவது பம்ப் பக்கம். இந்தச் சோதனை முடியாமல் பம்பைக் கழற்ற யாரையும் விடாதீர்கள்.

இந்த வாசலிலும் மறைவான செலவு உண்டு. ஆத்திரத்தில் விடாமல் செல்ஃப் அடித்தால் மோட்டார் கருகும். பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் பிடிக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது வெடிக்கும், கையும் போகும். காமன் ரயில் வண்டியிலோ ஃபில்டரைத் தாண்டி ஒரு நட்டையும் தளர்த்தக் கூடாது. அந்த இரும்புக் குழாய்களில் ஓடும்போது பிரஷர் ஆயிரம் பாரைத் தாண்டும், பீறிட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்த வண்டிக்காரர்கள் ஃபியூஸ், ஃபில்டர் தண்ணீர், பேட்டரி, கடித்த ஒயர் இவற்றைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வது நல்லது.

## ஊர் மெக்கானிக்கை அழைப்பது

வண்டி நிற்கும் இடத்துக்கே வருவார், பாதி நாளில் முடியும், பழக்கமானவர் என்றால் காசு நாளைக்குக் கொடுக்கலாம். நெல் காத்திருக்கிறது, வண்டியில் மெக்கானிக்கல் பம்ப் என்றால் இதற்கு நிகர் வேறில்லை. சோலனாய்டு, கைபம்ப், ஹீட்டர் பிளக், லைன் என்று பெரும்பாலான கோளாறுகள் அவர் பையில் இருக்கும் சாமான்களோடு தீர்ந்துவிடும்.

ஆனால் அறுவடைக் காலத்தில் அவர் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அறுவடை இயந்திரங்கள் வயலில் நிற்கும் நாட்களில் காலையில் கூப்பிட்டால் இரவு வருவார். இன்னொரு செலவு, ஊகத்தில் சாமான் மாற்றுவது. அந்த எலிப் பல் விவகாரத்தின் நடுவில் நான் ஒரு பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். புது ஃபில்டர், புதுக் கைபம்ப் மாட்டினார். மாட்டும்போது ஏர் எடுத்தாரல்லவா, அதனால் வண்டியும் எடுத்தது. பணம் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை நான் திரும்பவும் வாசலில் நின்றேன். அவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். ஏர் எடுத்ததால் வண்டி எடுத்ததா, சாமான் மாற்றியதால் எடுத்ததா என்று அவரும் கேட்டுக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது நான் போன் செய்கிற விதமே மாறிவிட்டது. “அண்ணே, புகை இல்லை, சோலனாய்டு தட்டுகிறது, கேனில் வைத்தும் எடுக்கவில்லை” என்பேன். “அப்படியென்றால் நாசில் நட்டைத் தளர்த்திப் பார்த்துவிடுவோம் தம்பி, வருகிறேன்” என்பார். எந்த ஸ்பேனரை எடுத்து வருவதென்று அவருக்குத் தெரிந்துவிடும். நாசில் என்பது இன்ஜெக்டரில் டீசலைத் தெளிக்கும் முனை. மெக்கானிக்கல் வண்டியில் அதற்கு டீசல் கொண்டுவரும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்தால் டீசல் விட்டு விட்டுத் துடித்து வர வேண்டும். ஃபில்டர் வரை டீசல் நிறைய இருந்தும் அங்கே துடிப்பு இல்லை என்றால், அடுத்த வாசல்தான்.

காமன் ரயில் வண்டிக்கு அவரிடம் ஒரே கேள்வி: “ஸ்கேனர் இருக்கிறதா?” இல்லை என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

## டீசல் பம்ப் பட்டறை

இங்கே வண்டி போவதில்லை, பம்பும் நாசில்களும் மட்டும் போகும். டெஸ்ட் பெஞ்சில் மாட்டிச் சுற்றவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்று அளந்து சரிசெய்வார்கள். நாசில் எந்தப் பிரஷரில் திறக்கிறது, தூறலாகத் தெளிக்கிறதா, சொட்டுகிறதா என்பதும் தெரியும். கேன் சோதனையில் தோற்று, நட்டில் துடிப்பும் இல்லாத வண்டிக்கும், சில மாதமாகவே கரும்புகை கக்கி மைலேஜ் குறைந்து கடைசியில் நின்றுபோன வண்டிக்கும் இதுதான் சரியான இடம். இங்கே ஊகம் குறைவு, அளவு அதிகம்.

ஆனால் பம்பைக் கழற்றி மாட்டுகிறவர் வேறொருவர். டைமிங் குறியை, அதாவது பம்ப் இன்ஜினோடு எந்த நிலையில் பொருந்த வேண்டும் என்ற அடையாளத்தை, பார்த்து வைக்காமல் கழற்றிவிட்டால், புதிது போலச் சரிசெய்து வந்த பம்பும் வெள்ளைப் புகையாகக் கக்கும். பட்டறைக்காரர் பம்ப் நன்றாக இருக்கிறது என்பார், மாட்டியவர் பம்ப்தான் சரியில்லை என்பார், நடுவில் உங்கள் நெல் நனையும். கழற்றுவதற்கு முன் குறியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் பெஞ்ச் அளவுகளைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று நாள் ஆகும் என்று வைத்துக்கொண்டு மாற்று வண்டிக்கு வாடகை பேசிவிடுங்கள். அந்த வாடகையையும் பம்ப் பில்லோடு சேர்த்து எழுதினால்தான் உண்மைக் கணக்கு வரும்.

## கம்பெனி சர்வீஸ் சென்டர்

பழைய மெக்கானிக்கல் வண்டியை இங்கே கொண்டுபோவதை நான் விரும்பமாட்டேன். அங்கிருக்கும் இளைஞர்கள் ஸ்கேனரோடு வளர்ந்தவர்கள். பம்ப் கோளாறு என்றால் அவர்களும் வெளிப் பட்டறைக்கு அனுப்பக்கூடும், பில்லில் ஒரு கை கூடும்.

காமன் ரயிலுக்குக் கணக்கு தலைகீழ். இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் செத்திருந்தாலும், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணாவிட்டாலும், இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயான ரயிலில் பிரஷர் ஏறாவிட்டாலும் வெளியில் தெரிவது ஒன்றுதான்: செல்ஃப் அடிக்கும், வண்டி எடுக்காது. ஆர்.பி.எம். முள் இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது அது துளியாவது அசைகிறதா என்று பாருங்கள். அசையவே இல்லை என்றால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படலாம். சந்தேகத்தை உறுதியாக்க ஸ்கேனர் வேண்டும். பல வண்டிகளில் இன்ஜெக்டர் மாற்றினால் அதன் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டியிருக்கும். நல்ல ஸ்கேனர் உள்ள வெளிப் பட்டறை பக்கத்தில் இருந்தால் அங்கேயே போகலாம். இல்லையென்றால் கம்பெனிதான்.

மறைவான செலவில் முதலாவது வண்டியைக் கொண்டுபோவது. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் சுமார் 40 கிலோமீட்டர். கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்று தோன்றும். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வாக்குவம் கிடையாது, பெடல் கல்லாக இருக்கும், பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் இறுகும். ஒரு பக்கம் வாய்க்கால், எதிரே பஸ். மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. இன்சூரன்சில் சாலையோர உதவியைத் தனியாகச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாலிசியைப் பாருங்கள். இரண்டாவது, எஸ்டிமேட் வளர்வது. காலையில் சென்சார் என்பார்கள், மாலையில் ஒயரிங் முழுவதும் என்பார்கள். எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது என்றும், மாற்றிய பழைய சாமான் கைக்கு வர வேண்டும் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீட்டையும் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை அது உதவும்.

## இன்ஜினே தளர்ந்திருந்தால்

வெள்ளைப் புகை வருகிறது, பம்பும் நாசிலும் சரி, ஆயில் குறைந்துகொண்டே போகிறது, ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்பென்று அடிக்கிறது, கொஞ்ச நாளாகவே காலையில் அடம் பிடித்தது என்றால், காற்றை அழுத்தும் வலு போய்விட்டது. கம்ப்ரஷன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எண் குறைவாக வந்தால் இன்ஜின் வேலைக்குப் போவதற்கு முன் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றின் தேதியைப் பாருங்கள். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. பாடி, டயர், பெயின்ட் என்று அந்தச் செலவும் பின்னாலேயே வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, விற்பதா வைப்பதா என்று வீட்டில் பேசுங்கள்.

அந்த இருவரிடம் வருகிறேன். திருத்துறைப்பூண்டிக்காரரிடம் கேன் கட்டிப் பார்க்கச் சொன்னேன். கேனில் வண்டி எடுத்தது. டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலையில் கசடு அடைத்திருந்தது. டேங்கை இறக்கிக் கழுவினார், அன்று மாலையே நெல் கிளம்பியது. வேதாரண்யத்துக்காரரைப் பம்ப் பட்டறைக்குப் போகவேண்டாம் என்று தடுத்தேன். ஏற்கெனவே மீனை வேறு வண்டியில் அனுப்பியிருந்ததால் அவருக்கு அவசரம் இல்லை. ஸ்கேனர் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, கிராங்க் சென்சார் சிக்னல் வரவில்லை என்று படித்துச் சொன்னார். புது சென்சார் வாங்கக் கிளம்பியவரை நிறுத்தி, முதலில் கனெக்டரைக் கழற்றச் சொன்னேன். உப்புக் காற்று ஊர் அது. உள்ளே இரண்டு பின்னிலும் பச்சைக் களிம்பு. சுரண்டித் துடைத்துச் செருகியதும் எடுத்துவிட்டது. புது சென்சாரையும் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைத்திருக்கிறாராம், நான் வேண்டாமென்று சொன்ன பிறகும்.